மத்தியான வாசிப்பு

படிங்க சார், நீங்க பாட்டுக்குப் படிங்க. நான் எட்டிப் பாக்கல. எழுத்தைப் பெருசா வச்சிருக்கீங்களா, பக்கத்துல உக்காந்தவன் கண்ணுல தானா விழுகுது. அவ கோவிச்சுக்கிட்டு மாடிக்குப் போறா, அவன் பின்னாலயே படியேறுறான், கதவு சாத்துற சத்தம் கேக்குது. அதானே? அடடா, ஏன் செல்லை அமத்திட்டீங்க. வெக்கப்பட என்ன இருக்கு? இந்த மாதிரிக் கதை நான் படிச்ச அளவுக்கு இந்தப் பஸ்ல, ஏன், இந்த ஜில்லாவுலயே ஒருத்தர் படிச்சிருக்க மாட்டாங்க. பொய்யில்ல. என் பேரு சவரிமுத்து. ரெயில்வேல கேட்கீப்பர். இருபத்தாறு வருசம் கேட்டுல உக்காந்து வேற என்ன செஞ்சிருப்பேன்னு நினைக்கிறீங்க?

பேச ஆரம்பிச்சுட்டேன், பாத்தீங்களா. காலைல இருந்து யார்கிட்டயும் வாய் தொறக்கல. அங்க கூட்டம் இருந்துச்சு, ஆனா பேசுறதுக்கு ஆளில்ல. இன்னைக்குப் பத்தரை மணிக்கு என் பெஞ்சாதிய அடக்கம் பண்ணிட்டு வர்றேன்.

உக்காருங்க சார், எந்திரிக்காதீங்க. சீட்டெல்லாம் எனக்குத் தாராளமா இருக்கு. என்னடா இவன், பெஞ்சாதிய மண்ணுல வச்சுட்டு வந்து அடுத்தவன் செல்லுல கதை படிக்கிறானேன்னு நினைக்கிறீங்க. நினைக்கலாம். அவ என்னை விட்டுப் போயிப் பன்னெண்டு வருசம் ஆச்சு. ஆனா பெஞ்சாதின்னா பெஞ்சாதிதான். எங்க வேதக்கோயில் ரிஜிஸ்தர்ல அப்புடித்தான் இருக்கு. இன்னைக்கும் அதைத்தான் எடுத்து வச்சுப் பாத்தாங்க.

அவ பேரு ஜெயராக்கினி.

மொதல்ல என்னைப் பத்திச் சொல்லிடுறேன், இல்லைன்னா உங்களுக்குப் புரியாது. யாருக்கும் புரிஞ்சதில்ல, அது வேற விசயம். எனக்கு அந்த ஆசை கெடையாது சார். சுத்தமா இல்லைன்னு சொல்ல மாட்டேன். வருசத்துக்கு ஒருக்கா, ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா, கோடையில மழை எட்டிப் பாக்குற மாதிரி வரும், போயிரும். வயசுப் பயலா இருக்கையில சேக்காளிங்க காலைக்காட்சிக்கு, அந்த மாதிரிப் படத்துக்கு, கூட்டிட்டுப் போவாய்ங்க. எல்லாரும் மூச்சை அடக்கிக்கிட்டு இருப்பாய்ங்க. நான் பக்கத்துல இருக்கவன்கிட்ட, "இந்தப் பொண்ணோட அண்ணன் என்ன ஆனான்டா?"ன்னு கேப்பேன். அடிக்க வருவாய்ங்க. சிலருக்கு இனிப்பு பிடிக்காதுல்ல, அந்த மாதிரி நினைச்சுக்கிட்டேன். அதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.

அப்புறம் வேலை கெடைச்சு, மானாமதுரைக்குத் தெக்க ஒரு கேட்ல போட்டாங்க. சுத்தி கருவேலங்காடு. ஒரு ரோடு, ஒரு தண்டவாளம், ஒரு ரூம்பு, ஒரு போனு. ஸ்டேசன்ல இருந்து மணியடிப்பாங்க, கேட்டைச் சாத்தணும், வண்டி போகணும், தொறக்கணும். மத்த நேரமெல்லாம் சும்மா. எனக்கு முந்தி இருந்தவர் ஜன்னல்ல ஒரு நாவலை விட்டுட்டுப் போயிருந்தாரு. அட்டை இல்ல, முன்னாடி ஏழெட்டுப் பக்கம் இல்ல. எடுத்துப் படிச்சேன். ஒரு டாக்டரும் ஒரு டீச்சரும். அவன் மழையில அவ வீட்டு வாசல்ல நிக்கிறான். அவ தெரிஞ்சும் தெரியாத மாதிரி உள்ள வளையலைக் கழட்டி வைக்கிறா. சத்தம் கேக்கட்டும்னு வைக்கிறா. அந்த எடத்துல எனக்கு என்னமோ ஆச்சு சார். ஒடம்புல இல்ல. இங்க, நெஞ்சுக்குழியில. ஒருத்தரை ஒருத்தர் அம்புட்டு வேணும்னு நினைக்கிறாங்களே, அது எப்புடி இருக்கும்னு பாக்குறதுல ஒரு சொகம்.

அதுல இருந்து விடல. பஸ்டாண்டு கடையில மாசாமாசம் வர்ற நாவல், வாடகை நூலகத்துல கட்டுக்கட்டா. கட்டில் வர்ற எடத்தைத் தாண்டிப் போயிருவேன்னு நினைக்காதீங்க. அதைத்தான் ரெண்டு தடவை படிப்பேன். ஒரு பத்தி நல்லா வந்திருந்தா அன்னைக்குப் பூரா மனசு நெறஞ்சிருக்கும். ஆனா அத்தோட சரி. புஸ்தகத்தை மூடினா எனக்கு ஒண்ணும் வேணும்னு தோணாது. கிரிக்கெட் பாக்குறவன் எல்லாம் மட்டையைத் தூக்கிட்டு எறங்கணும்னு இருக்கா, சொல்லுங்க.

முப்பத்திரண்டு வயசுல கல்யாணம். எங்கம்மா சாகப் போறேன் சாகப் போறேன்னு சொல்லியே பண்ணி வச்சுட்டாங்க. ஜெயராக்கினிக்கு இருபத்தஞ்சு. அப்பா இல்ல, அம்மா மதலேனம்மா மட்டும்தான். எட்டாவது வரைக்கும் படிச்சவ. நல்ல நெறம், நெத்தி அகலம், சிரிச்சா ஈறு தெரியும். ரெயில்வே மாப்பிள்ளைன்னு சந்தோசமாக் கொடுத்தாங்க. பூசை வச்சு, மோதிரம் மாத்தி, சாப்பாடு போட்டு, எல்லாம் குறையில்லாம நடந்துச்சு. அன்னைக்கு அலைச்சல் ஜாஸ்தி. நான் நல்லாத் தூங்கிட்டேன்.

ஏழு வருசம் இருந்தோம். அதுல நாலு தடவை. ஏன் கணக்கு வச்சிருக்கேன்னு கேக்குறீங்களா? பின்னால கேட்டாங்க சார், சாமியாருங்க கேட்டாங்க. அதனால நெனைவுல இருக்கு.

ஆனா அந்த ஏழு வருசத்துல சண்டைன்னு ஒண்ணு கெடையாது. அதுலயும் முத ரெண்டு மூணு வருசம் இருக்கே, அந்த மாதிரி ஒரு காலம் எனக்கு அதுக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. என்ன நடந்துச்சுன்னா, ஒரு நாள் சோறு கொண்டாந்தா. குவார்ட்டர்ஸ் பக்கத்துலதான். நான் புஸ்தகத்தைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருக்கேன். "என்னங்க தனியாச் சிரிக்கிறீங்க?"ன்னா. "கதை"ன்னேன். "எனக்கும் சொல்லுங்களேன்"னா. நான் சொல்லல, வாசிச்சேன். எனக்குக் குரல் நல்லாருக்கும் சார். கோயில்ல வாசகம் வாசிக்க என்னைத்தான் கூப்பிடுவாங்க. அவன் பேசுறதுக்கு ஒரு குரல், அவ பேசுறதுக்கு ஒரு குரல், மழைக்கு ஒரு நிறுத்தம், அப்புடி வாசிப்பேன்.

பன்னெண்டு நாப்பது பாசஞ்சர் போயிருச்சுன்னா மூணேகால் கூட்ஸு வரைக்கும் எதுவும் கெடையாது. தெனமும் அந்த நேரம்தான். அவ தரையில உக்காந்து செவுத்துல சாஞ்சுக்குவா. நான் ஸ்டூல்ல. வெளிய வெயிலு கொளுத்தும். வாசிக்க வாசிக்க அவ மூச்சுச் சத்தம் மாறும். எம்புட்டு ஒன்றிப் போயிக் கேக்குறா பாருன்னு எனக்குப் பெருமையா இருக்கும். "அந்தப் பக்கத்தை இன்னொருக்கா வாசிங்க"ம்பா. வாசிப்பேன். ஒரு நாள் அப்புடியே நகந்து வந்து என் முழங்கால் மேல தலையை வச்சுக்கிட்டா. பாவம், சமைச்ச களைப்புன்னு ஆடாம அசையாம இருந்தேன். கால் மரத்துப் போச்சு. கொஞ்ச நேரத்துல கூட்ஸுக்கு மணியடிச்சுச்சு. தலையை மெதுவாத் தூக்கி வச்சுட்டு கேட்டைச் சாத்தப் போயிட்டேன்.

கதை முடிஞ்சதும் குளிக்கப் போவா. மத்தியானம் மூணு மணிக்கு. காலைலயும் குளிச்சிருப்பா. ராமநாதபுரத்து வெயிலு அப்புடி. சில நாள் குளிக்காம தண்டவாளத்து ஓரமா விறுவிறுன்னு நடப்பா, சிக்னல் கைகாட்டி வரைக்கும் போயிட்டுத் திரும்புவா. ஒடம்பு எளைக்குறதுக்கு நடக்குறான்னு நினைச்சேன். எளைக்கவும் செஞ்சா.

இன்னொரு நாள், நான் வாசிச்சுக்கிட்டு இருக்கையில, "நிறுத்துங்க"ன்னா. "இப்ப அவன் அவகிட்ட என்ன கேட்டான்?"

"உனக்கு என்ன வேணும்னு கேட்டான்."

"நீங்க என்னைக்காச்சும் என்னை அப்புடிக் கேட்டிருக்கீங்களா?"

எனக்குச் சுருக்குன்னுச்சு. உடனே புஸ்தகத்தைக் கவுத்து வச்சுட்டுக் கேட்டேன் சார், மனசாரக் கேட்டேன். "சொல்லும்மா, உனக்கு என்ன வேணும்?"

அவ என் மூஞ்சியவே பாத்தா.  அப்புறம், "மிளகாய்த்தூள் தீந்துருச்சு"ன்னா.

சாயங்காலமே சைக்கிள்ல போயி வாங்கியாந்தேன். இப்ப சொல்லுங்க, கேட்டு வாங்கிக் கொடுக்காத புருசனா நான்?

புள்ளை இல்லைங்கற பேச்சு வந்துச்சு. அவங்கம்மா விடாம நச்சரிச்சு மதுரைக்கு ஒரு டாக்டர்கிட்ட அனுப்புனாங்க. ரத்தம் எடுத்தாங்க, அது எடுத்தாங்க, இது எடுத்தாங்க. எல்லாம் நார்மல். டாக்டர் கேட்டாரு, "ஆசையெல்லாம் இருக்கா?"ன்னு. "நெறையா இருக்கு சார், மாசம் இருபது நாவல் படிப்பேன்"னேன். அவரு ஒரு மாதிரிப் பாத்துட்டு, "புஸ்தகத்தைக் கொறைச்சுக்கிட்டு வீட்டம்மாவைக் கவனிங்க"ன்னு சிரிச்சாரு. யாரும் அதுக்கு மேல கேட்டதில்ல சார். படிக்கிறது புடிக்கும், ஆனா அது எனக்கு வேணாம்னு சொன்னா எந்த டாக்டருக்காவது வெளங்குமா? அப்புடி ஒரு ஆளு இருக்கலாம்னே யாருக்கும் தெரியல. எனக்கும் அப்ப எப்புடிச் சொல்றதுன்னு தெரியல. ரிப்போர்ட்டை மட்டும் லேமினேசன் போட்டு வச்சுக்கிட்டேன்.

ஏழாவது வருசம், ஒரு மத்தியானம், வாசிச்சுக்கிட்டு இருக்கேன். நல்ல கதை. காட்டு பங்களா, விளக்கு இல்ல, ரெண்டு பேரும் ஒரே போர்வைக்குள்ள. மணியடிச்சுச்சு. எந்திரிச்சேன். அவ என் வேட்டியைப் புடிச்சுக்கிட்டா. "போகாதீங்க"ன்னா. "வண்டி வருதும்மா"ன்னேன். "ஒரு நாளு போகாதீங்க"ன்னா. நான் வெலக்கிவிட்டுட்டுப் போயி சக்கரத்தைச் சுத்திக் கேட்டைச் சாத்தி, கொடியைப் புடிச்சு, வண்டியை அனுப்பிட்டு வந்து பாத்தா, புஸ்தகம் சுக்கு நூறாக் கெடக்கு. அவ நின்னுக்கிட்டு இருக்கா. 

"இம்புட்டையும் வாய் நெறைய வாசிக்கத் தெரியுதுல்ல. அதுல இருக்க ஒரு வார்த்தைகூடவா உங்களுக்கு என்மேல வரல? தெனமும் தெனமும் என்னைப் பக்கத்துல உக்கார வச்சு வாசிச்சுட்டு, எந்திரிச்சுக் கேட்டைப் பாக்கப் போயிடுறீங்களே, நான் என்ன செத்த பொணமா?"

நீங்களே சொல்லுங்க சார். ரெயிலு போயிருச்சு, கேட்டைத் தொறக்கலைன்னா எப்புடி? ரெண்டு பக்கமும் ரோட்டுல வண்டி நிக்குது. ஆரன் அடிக்கிறான்.

மறுநா பெட்டியோட அம்மா வீட்டுக்குப் போயிட்டா. பிஷப் இருக்க ஆயர் இல்லத்துல மனு கொடுத்திருக்கான்னு மூணு மாசம் கழிச்சு லெட்டர் வந்துச்சு. எங்க கத்தோலிக்க சபையில விவாகரத்து கெடையாதுல்ல. இந்தக் கல்யாணம் ஆரம்பத்துலயே செல்லாதுன்னு தீர்ப்பு வாங்கினாத்தான் மறுபடி கோயில்ல கட்டலாம். கவர்மெண்டு கோர்ட்டுல போட்டிருக்கலாம். ஆனா கோயில் ஒத்துக்காத விடுதலை மதலேனம்மாவுக்கு விடுதலையே இல்ல. மனுவுல என்ன எழுதியிருக்கா தெரியுமா? புருசனா இருக்கத் தகுதியில்லாதவர்னு. அந்த வார்த்தையை நான் லெட்டர்ல படிச்சேன் சார். நின்னுக்கிட்டே படிச்சேன்.

விசாரணைக்கு முத நாள் மதலேனம்மா கேட்டுக்கே வந்துருச்சு. வெயில்ல நடந்து வந்திருக்கு. "மாப்ள, உங்களை நான் குத்தம் சொல்ல வரல. நாளைக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. என்னால முடியலன்னு. எம்மகளுக்கு முப்பத்திரண்டு வயசுதான் ஆவுது. ஒரு புள்ளையைப் பெத்துக்கிறட்டும்"னு என் கையைப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. தண்ணி கொடுத்தேன். நெழல்ல உக்கார வச்சேன். ஆனா சார், பைபிள் மேல கைய வச்சு எப்புடிப் பொய் சொல்றது? முடியலன்னு சொன்னா அது பொய்தானே? நாலு தடவை முடிஞ்சிருக்கே. ரிப்போர்ட்டு இருக்கே. அதோட, ஆம்பளை இல்லைன்னு நானே கையெழுத்துப் போட்டுக் கொடுக்குறதா? தண்டவாள வேலை பாக்குற கேங்மேன் பயலுக அதுக்கப்புறம் என்னை என்ன பேரு சொல்லிக் கூப்பிடுவாய்ங்க? ஏற்கெனவே கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்தாய்ங்க.

விசாரணை ஆயர் இல்லத்து மாடியில. ஒவ்வொருத்தரா உள்ள கூப்பிடுவாங்க. அவ வெளிய வராண்டா பெஞ்சுல அவங்கம்மாவோட. உள்ள வயசான ஃபாதர் ஒருத்தர், பக்கத்துல எழுதுறதுக்கு ஒரு சிஸ்டர். காத்துக்காகக் கதவைத் தொறந்து வச்சிருந்தாங்க. சத்தியம் பண்ணேன். ஃபாதர் கேட்டாரு. எத்தனை தடவை, எப்ப எப்ப, ரெண்டு பேரும் சம்மதிச்சா, எல்லாம் கேட்டாரு. சொன்னேன். ரிப்போர்ட்டைக் காட்டுனேன். அப்புறம் அவரு மேசைக்குள்ள இருந்து ஒரு நாவலை எடுத்தாரு. ஜெயராக்கினி கொடுத்திருக்கா, சாட்சிக்கு.

"இதெல்லாம் நீ படிக்கிறதுதானா?"

"ஆமா ஃபாதர்."

"அந்தப் பொண்ணுக்கு வாசிச்சும் காட்டுவியா?"

"தெனமும் வாசிப்பேன்."

"ஆசை இல்லாதவன் எதுக்குய்யா இதைப் படிக்கிற? ஆசை இருக்கவன் எதுக்கு எந்திரிச்சுப் போற?"

எனக்குப் பதில் தெரிஞ்சிருந்துச்சு சார்.  "நல்லாருக்கும் ஃபாதர்"னு மட்டும் சொன்னேன். "என்னத்த நல்லாருக்கும், எங்க, வாசி பாப்போம்"னு கோவத்துல புஸ்தகத்தை என்பக்கம் தள்ளுனாரு. வாசிக்க மாட்டேன்னு நினைச்சுத் தள்ளுனாரு.

நான் வாசிச்சேன். இன்னைக்கும் மனப்பாடமா இருக்கு. 'அவளுடைய ஈரக் கூந்தலிலிருந்து ஒரு துளி அவன் மணிக்கட்டில் விழுந்தது. அதைத் துடைக்க அவனுக்கு மனமில்லை. இந்த ஒரு துளிக்காகவா இத்தனை வருடம் தாகத்தோடு இருந்தேன் என்று கேட்டான். அவள் பதில் சொல்லவில்லை. பதிலாக அவன் பக்கம் திரும்பினாள்.' அதுல இருந்து ஒண்ணரைப் பக்கம். ரெண்டு குரல்லயும் வாசிச்சேன். எந்த எடத்துல நிறுத்தணுமோ அங்க நிறுத்தி வாசிச்சேன். சிஸ்டர் எழுதுறதை நிறுத்திட்டாங்க சார். பேனாவைக் கையில வச்சுக்கிட்டு அப்புடியே ஜன்னலைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க.  நான் முடிச்சதும், "போதும், போயிட்டு வா"ன்னாரு, சின்னக் குரல்ல. என் வாழ்க்கையில நான் அன்னைக்கு வாசிச்ச மாதிரி வாசிச்சது இல்ல.

வெளிய வந்தேன். ஜெயராக்கினி பெஞ்சுல முந்தானையைச் சுருட்டி வாய்க்குள்ள வச்சு அமுக்கிக்கிட்டு குனிஞ்சிருந்தா. முதுகு குலுங்குது. அவங்கம்மா அவ காது ரெண்டையும் பொத்திக்கிட்டு இருக்கு. வாசிப்பு அம்புட்டு உருக்கமா இருந்துருச்சுன்னு நினைச்சேன்.

பதினோரு மாசம் கழிச்சுத் தீர்ப்பு. கல்யாணம் செல்லும்னு. மருத்துவ ரிப்போர்ட்டை வச்சும், நான் பொய் சொல்லாம ஒத்துக்கிட்டதை வச்சும், சேந்து வாழ முயற்சி பண்ணுங்கன்னு எழுதியிருந்துச்சு. நான் பழமெல்லாம் வாங்கிக்கிட்டுக் கூப்பிடப் போனேன். வீடு பூட்டியிருந்துச்சு. திருப்பூருக்கு பனியன் கம்பெனிக்குப் போயிட்டான்னாங்க.

அப்புறம் காதுல விழுந்ததுதான் எல்லாம். அங்க செக்கிங்ல வேலை பாத்திருக்கா. அதே கம்பெனியில அயர்ன் மாஸ்டர் ஒருத்தர், ராஜாமணின்னு பேரு, அந்த ஊருப் பக்கத்துக்காரர். சேந்து இருக்காங்கன்னாங்க. ஒரு பொம்பளப் புள்ளை பொறந்துச்சுன்னாங்க. கட்டிக்கலாம்னு அவரு ஞானஸ்நானம் வாங்கக்கூடத் தயாரா இருந்தாராம். எப்புடிக் கட்டுவாங்க? ரிஜிஸ்தர்ல நான் இருக்கேனே. மதலேனம்மா செத்தப்ப வந்திருக்கா. பூசையில நன்மை வாங்க, அந்த அப்பத்தை வாங்க, வரிசையில நின்னிருக்கா. கட்டாம சேந்து இருக்கவளுக்குக் கெடையாதுன்னு, சாமியார் அவகிட்ட வந்ததும் கையை இறக்கிக்கிட்டாராம். ஊரு பாக்க வெறும் வாயோட திரும்பி வந்து உக்காந்தாளாம். கேட்டப்ப எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. என்கூட வந்திருந்தா இந்த அவமானம் உண்டா?

நேத்து காலைல டூட்டியில இருக்கேன், போன் வருது. அவங்க ஊரு கோயில் கமிட்டி. "உங்க வீட்டம்மா தவறிட்டாங்க"ன்னாங்க. எனக்கு ஒரு நிமிசம் யாருன்னே வெளங்கல. கர்ப்பப்பையில கேன்சர். ரெண்டு வருசமா இருந்திருக்கு. அம்மா பக்கத்துல வச்சிருங்கன்னு கேட்டாளாம், ராஜாமணி ஆம்புலன்ஸ்ல வச்சு ஊருக்குக் கொண்டாந்துட்டாரு. கமிட்டி கல்லறையில எடம் தர மாட்டேங்குது. "அந்த ஆளோட வாழ்ந்தவன்னா எடம் இல்ல. சவரிமுத்து பெஞ்சாதின்னா எடம் உண்டு. நீங்க வந்து கையெழுத்துப் போடுங்க"ன்னாங்க. லீவு சொல்லிட்டு வந்துட்டேன். வராம இருக்க முடியுமா?

கோயில் ஆபீஸ்ல கமிட்டிக்காரங்க நாலு பேரு. புதுசா வந்திருக்க சாமியார், சின்ன வயசு, என் மூஞ்சியைப் பாக்கவே மாட்டேங்கிறாரு. ராஜாமணி கதவோரமா நிக்கிறாரு. ஒல்லியான ஆளு, கையெல்லாம் சூட்டுத் தழும்பு. அந்தப் புள்ளை அவரு இடுப்பைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்குது. ஒம்பது வயசிருக்கும். ஜெயராக்கினியோட அதே நெத்தி. கொஞ்ச நாளு பொறுத்திருந்தா எனக்கே இப்புடி ஒண்ணு இருந்திருக்குமோ என்னமோ.

சாமியார் ஒரு தாளை எடுத்து வச்சாரு. "நீங்க இவங்களோட கணவர்தானே? கணவரா வாழ்ந்தீங்கதானே?"ன்னு கேட்டாரு. எல்லாரும் என் வாயைப் பாக்குறாங்க. ராஜாமணியும் பாக்குறாரு. அவரு பார்வை எப்புடி இருந்துச்சு தெரியுமா சார், ஆமான்னு சொல்லிடுய்யான்னு கெஞ்சுற மாதிரி இருந்துச்சு.

"ஆமா"ன்னேன்.

உறவுமுறைன்னு ஒரு கட்டம். அதுல 'கணவர்'னு எழுதணும்.  அன்னைக்கு அந்த மாடியில, என்னால முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இன்னைக்கு இந்தக் கட்டத்துல இன்னொரு பேரு இருந்திருக்கும். கோயில்லயே கட்டியிருப்பாங்க. நன்மை வாங்கியிருப்பா. எடத்துக்கு யாரு கையெழுத்தும் வேண்டியிருந்திருக்காது. இதெல்லாம் அந்தப் பேனாவைப் புடிச்சுக்கிட்டு இருக்கையில வரிசையா மனசுல ஓடுச்சு. ஆனா சார், அது பொய்யாயிருக்குமே. பொய்யாயிருக்காதா? நான் எழுதிட்டேன். எழுதித்தான ஆகணும், இல்லைன்னா அவளை எங்க கொண்டு போறது.

கல்லறையில புருசன்தான் மொத மண்ணு போடணும்னாங்க. போட்டேன். அப்புறம் அவ சித்தப்பா மக்க, கமிட்டி, ஊர்க்காரங்க. ராஜாமணி கூட்டத்துக்குப் பின்னால, சுவரோரமா நின்னாரு. அந்தப் புள்ளையை யாரோ கூட்டிட்டுப் போயி ஒரு புடி போட வச்சாங்க. இவரை யாரும் கூப்பிடல. எல்லாரும் போட்டு முடிச்சுக் கெளம்பையில மெதுவா என்கிட்ட வந்தாரு. கையைக் கட்டிக்கிட்டு, "அய்யா, நானும் ஒரு புடி மண்ணு போட்டுக்கட்டுங்களா?"ன்னாரு.

என்கிட்ட கேக்குறாரு சார். பத்து வருசம் அவகூட இருந்த மனுசன்.

"போடுங்க, அதுக்கென்ன"ன்னேன். நான் மறுக்கல. மறுக்கிற ஆளு நான் இல்ல. அவரு குனியப் போனாரு. எனக்குத்தான் மனசு கேக்கல. "ஏங்க, அவ என்னைப் பத்தி ஏதாச்சும் பேசுவாளா?"ன்னு கேட்டேன். வாசிச்சது, அந்த மத்தியானம், ஏதாச்சும். திட்டுனதா இருந்தாலும் பரவால்லன்னுதான் கேட்டேன்.

அவரு நிமிந்தாரு. நல்ல மனுசன், பொய் சொல்லத் தெரியல. "கல்யாணம் ஒண்ணு ஆச்சுன்னு சொல்லியிருக்குதுங்க. அதுக்கு மேல நானும் கேட்டதில்லீங்க. உங்க பேரே எனக்கு நேத்துத்தானுங்க தெரியும்"னாரு.

ஏழு வருசம் சார். நாலு வருசமில்ல, அஞ்சு வருசமில்ல. அவளுக்கு நான் வாசிச்ச புஸ்தகம் ஐந்நூறு இருக்கும்.

சரின்னு தள்ளி நின்னுக்கிட்டேன். அவரு மண்டி போட்டு ஒரு புடி அள்ளிப் போட்டாரு. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் ரெண்டு கையாலயும் அள்ள ஆரம்பிச்சாரு. குழி வெட்டுன ஆளு மண்வெட்டியோட பக்கத்துல வந்தாரு, இவரு நிமிந்து பாக்கல, அந்தாளும் மண்வெட்டியைக் கீழ வச்சுட்டாரு. நான் கொஞ்ச நேரம் பாத்தேன். என் கையில இருந்த மண்ணைத் தட்டிவிட்டேன். பஸ்சுக்கு நேரமாயிருச்சு, வந்துட்டேன்.